இசைத்தட்டும் மறுபதிவும்

முல்லைத்தீவுப் பகுதியிலே கோவலன் கூத்து ஆடப்படும் இரவுகளில், களரியைச் சூழ்ந்து அமர்ந்திருப்போருட் பெரும்பாலோர் அக்கதையை முன்னரே அறிந்தவர்கள். மதுரையிற் கோவலன் கொலையுண்ணப்போவதும், கண்ணகி சிலம்பை உடைத்து வழக்குரைக்கப்போவதும் அவர்களுக்குப் புதியன அல்ல. முன்னர்ப் பாடிய அண்ணாவியாரே இம்முறையும் பாடுகின்றார். பாட்டும் பழைய பாட்டே. ஆயினும், முன்பு ஆடிய கூத்தை மீண்டும் ஆடுவது எதற்கு என்று எவரும் வினவுவதில்லை. கூத்து ஆடி முடிந்த அளவிலே மறைந்துபோவது. அதனை மீண்டும் காணவேண்டுமாயின் மீண்டும் ஆடுதலே வழி.

இசைத்தட்டின் இயல்பு வேறு. ஒருமுறை பதியப்பட்ட இசை, தட்டு உள்ளவரை அழிவதில்லை. வேண்டும்போதெல்லாம் அதே குரல், அதே நடை, அதே மூச்சு. அவ்வாறாயின், தாம் ஒருமுறை பதிவுசெய்த படைப்பை அதே கலைஞர் மீண்டும் பதிவுசெய்வது ஏன்? மேனாட்டுச் செவ்வியல் இசையுலகில் இஃது அருகி நிகழ்வதன்று, பெருவழக்கு. பீத்தோவனின் ஒன்பது சிம்பனிகளையும் நான்கு முறை முழுமையாகப் பதிவுசெய்த இசைநெறியாளரும் உளர். இவ்வழக்கின் காரணங்களை ஆராய்வதும், அதனால் வன்னி நிலத்துக் கலைகளுக்குக் கிடைக்கும் பாடம் யாது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெறியாளரின் தொழில்

மேனாட்டுப் பெரும் இசைக்குழுவொன்றில் எண்பது முதல் நூறு வரையிலான கலைஞர்கள் அமர்ந்திருப்பர். வயலின் முதலிய தந்திக் கருவிகளும், குழல் முதலிய துளைக் கருவிகளும், முரசு முதலிய தோற்கருவிகளும் அக்குழுவில் அடங்கும். ஒவ்வொருவரும் வாசிக்கவேண்டிய சுரங்களை இசைப்புலவர் முன்னரே எழுதிவைத்துள்ளார். இவர்களுக்கு முன்னே சிறுகோலொன்றைக் கையிற்கொண்டு நிற்பவரே இசைநெறியாளர். அரங்கிலுள்ள அனைவருள்ளும் ஓர் ஒலியையேனும் எழுப்பாதவர் அவர் ஒருவரே. ஆயினும் இசைத்தட்டின் உறையிலே அவர் பெயரே பெரிதாக அச்சிடப்படுகின்றது.

இதன் பொருத்தத்தை உணர்வதற்குச் சைவக் கோயில்களில் நிகழும் புராணபடனம் துணைசெய்யும். கச்சியப்பர் பாடிய கந்தபுராணம் மாறாத நூல். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். எங்கே நிறுத்துவது, எச்சொல்லை விரித்துரைப்பது, எவ்விடத்தில் விரைந்து செல்வது என்பவற்றைப் பயன் சொல்பவரே தீர்மானிக்கின்றார். நூல் ஒன்றாயினும், முப்பது வயதிற் பயன் சொன்னவர் அறுபது வயதிற் சொல்லும்போது கேட்போர்க்கு அது வேறொரு நூல்போலத் தோன்றுவதுண்டு. சூரபன்மன் வதையிலே முன்பு வீரத்தைக் கண்டவர், பின்பு அருளைக் காணலாம்.

இசைநெறியாளரும் இத்தகையவரே. எழுதப்பட்ட சுரத்தை அவர் மாற்றுவதில்லை. ஆனால் எவ்வளவு விரைவாக, எவ்வளவு உரத்து, எக்கருவி முன்னிற்க எக்கருவி பின்னிற்க வாசிக்கவேண்டும் என்பவை முழுமையாக எழுத்தில் அடங்குவன அல்ல. எழுத்து நிறுத்திய இடத்திலிருந்து நெறியாளரின் தொழில் தொடங்குகின்றது. மறுபதிவுக்கான இடமும் அங்கேயே பிறக்கின்றது.

மறுபதிவின் காரணங்களை நான்காக வகுக்கலாம். பதிவுக் கருவி மாறுதல், இசைக்குழுவும் நிறுவனமும் மாறுதல், மூலபாடம் திருந்துதல், கலைஞரே மாறுதல் என்பன அவை. இவற்றை முறையே நோக்குவோம்.

கருவியின் மாற்றம்

இசைத்தட்டின் தொடக்ககாலத்தில் ஒலிவாங்கி இல்லை. கலைஞர்கள் பெரிய ஊதுகுழல் வடிவான வாயொன்றின்முன் நெருங்கி நின்று பாடவேண்டும். அவ்வொலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறும். 1902 ஆம் ஆண்டு நவம்பரிற் கல்கத்தாவிலே கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரல் இம்முறையிலேயே பதியப்பட்டது. தனிக்குரலுக்கு ஓரளவு பொருந்திய இம்முறை, நூறுபேர் கொண்ட இசைக்குழுவுக்குப் பொருந்தவில்லை. 1913 இல் ஆர்தர் நிக்கிஷ் என்னும் நெறியாளர் பேர்லின் பில்ஹார்மோனிக் குழுவைக்கொண்டு பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனியைப் பதிவுசெய்தார். ஏறத்தாழ அரைமணி நேரம் செல்லும் அப்படைப்பை எட்டுப் பக்கங்களாகப் பிரிக்க நேர்ந்தது. கேட்பவர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து தட்டை மாற்றவேண்டும். மெல்லிய ஒலிகள் பல கருவிக்கு எட்டவேயில்லை.

1925 அளவில் ஒலிவாங்கியும் மின்முறைப் பதிவும் வழக்குக்கு வந்தன. அதன்பின் முற்காலப் பதிவுகள் நிழல்போலத் தோன்றலாயின. 1948 இல் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றிலொரு பங்கும் சுழலும் நெடுநேர இசைத்தட்டைக் கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேலாக இசை அடங்கியது. 1958 அளவில் இருவழி ஒலித்தட்டுகள் சந்தைக்கு வந்தன. இடப்பக்கத்து வயலினும் வலப்பக்கத்துப் பெருந்தந்திக் கருவியும் தத்தம் திசையிலிருந்தே கேட்கலாயின. 1982 இல் குறுந்தட்டு வந்து, ஒன்பதாம் சிம்பனி முழுவதையும் இடையீடின்றிக் கேட்கும் வசதியைத் தந்தது.

இம்மாற்றம் ஒவ்வொன்றும் மறுபதிவுக்குக் காரணமாயிற்று. ஓட்டோ கிளெம்பரர் என்னும் ஜெர்மானிய நெறியாளர் 1955 இல் இலண்டனிலே பில்ஹார்மோனியா குழுவைக்கொண்டு பீத்தோவனின் மூன்றாம் சிம்பனியை ஒருவழி ஒலியிற் பதிவுசெய்தார். நான்கே ஆண்டுகளின் பின், 1959 இல், அதே குழுவைக்கொண்டு அதே சிம்பனியை இருவழி ஒலியில் மீண்டும் பதிவுசெய்தார். ஐந்தாம் சிம்பனிக்கும் இவ்வாறே 1955, 1959 ஆகிய ஈராண்டுகளின் பதிவுகள் உள்ளன. மறுபதிவைத் தூண்டியது புதிய கருவியே எனலாம். ஆனால் விளைந்தது பழையதன் தெளிவான படி அன்று. பின்னையதன் நடை முன்னையதிலும் ஆறுதலானது. அதன் கனமும் மிகுதி. கருவியை மாற்றுவதற்காக அழைக்கப்பட்ட கலைஞர் வேறொரு பொருளைக் கொண்டுவந்துவிட்டார். மறுபதிவின் வியப்பு இதுவே.

குழுவும் நிறுவனமும்

இரண்டாவது காரணம் தொழில் சார்ந்தது. இசைநெறியாளர் ஒரு நகரத்துக் குழுவிலிருந்து மற்றொரு நகரத்துக் குழுவுக்கு மாறுவர். ஒரு பதிவு நிறுவனத்தை விட்டு மற்றொன்றிற் சேர்வர். புதிய நிறுவனம் தன் பட்டியலிலும் அவர் புகழ்பெற்ற படைப்புகள் இருத்தல் வேண்டும் என விரும்பும். பழைய நிறுவனமோ தன் விற்பனை கெடாதிருக்க, குறித்த சில ஆண்டுகள் செல்லும்வரை அதே படைப்பை வேறிடத்திற் பதிவுசெய்யலாகாது என ஒப்பந்தத்திற் கட்டுப்பாடு விதிப்பதுண்டு. அவ்வாண்டுகள் கழிந்ததும் மறுபதிவு எழும்.

இந்தியாவிற் பிறந்து உலகப் புகழ்பெற்ற நெறியாளர் சூபின் மேத்தாவின் வாழ்க்கை இதற்கு எடுத்துக்காட்டாகும். அவர் 1936 இற் பம்பாயிலே பார்சிக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் மேலி மேத்தா பம்பாய் சிம்பனி இசைக்குழுவை நிறுவியவர். சூபின் மேத்தா 1962 முதல் 1978 வரை அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக் குழுவுக்கும், 1978 முதல் 1991 வரை நியூயோர்க் பில்ஹார்மோனிக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். ஆங்கில இசைப்புலவர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் இயற்றிய கோள்கள் என்னும் படைப்பை அவர் 1971 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் குழுவோடு டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவுசெய்தார். 1980 களின் இறுதியில் நியூயோர்க் குழுவோடு வேறொரு நிறுவனத்துக்காக அதனை மீண்டும் பதிவுசெய்தார். ஸ்ட்ராவின்ஸ்கியின் வசந்தச் சடங்கு என்னும் படைப்பும் இவ்வாறே இரு நகரத்துக் குழுக்களாலும் அவர் கோலின்கீழ் வாசிக்கப்பட்டது.

ஒரு குழு மற்றொரு குழுவைப் போல ஒலிப்பதில்லை. நாதசுரக் கலைஞர் ஒருவரே ஆயினும், உடன் வாசிக்கும் தவில்காரர் மாறினால் அன்றைய மேளம் மாறிவிடுவதை வன்னிக் கோயில் திருவிழாக்களிற் கேட்டோர் அறிவர். நெறியாளரின் கருத்து ஒன்றாயினும், அதனை ஏற்று ஒலியாக்கும் நூறு கைகள் வேறாகும்போது இசையும் வேறாகின்றது.

ஹேர்பேர்ட் வொன் கரயான் செய்த பதிவுகளில் முதலிரு காரணங்களும் ஒருங்கே காணப்படும். பீத்தோவனின் ஒன்பது சிம்பனிகளையும் அவர் 1951 முதல் 1955 வரை இலண்டன் பில்ஹார்மோனியா குழுவோடு பதிவுசெய்தார். பின்னர், தாம் தலைமையேற்ற பேர்லின் பில்ஹார்மோனிக் குழுவோடு 1961, 1962 ஆகிய ஆண்டுகளிலும், 1975 முதல் 1977 வரையிலும், 1980 களிலும் மும்முறை பதிவுசெய்தார். கடைசித் தொகுதி எண்முறை ஒலிப்பதிவின் புதுமையை நாடிச் செய்யப்பட்டது. எனினும் நயமறிந்தோர் பலர் 1960 களின் தொகுதியையே சிறப்பித்துப் பேசுவர். பின்வந்தது என்பதனாலேயே ஒரு பதிவு மேலானதாகிவிடாது என்பதற்கு இதுவே சான்று.

மூலபாடம் திருந்துதல்

மூன்றாவது காரணம் தமிழறிஞர்க்கு மிக நெருங்கியது. இசைப்புலவர் எழுதியது ஒன்று, படியெடுத்தவர் எழுதியது மற்றொன்று, அச்சிட்டவர் அச்சிட்டது வேறொன்று என்னும் நிலை மேனாட்டு இசையிலும் உண்டு. பீத்தோவனின் கையெழுத்துப் படிகளையும் முதல் அச்சுப் படிகளையும் ஒப்புநோக்கி, ஜொனதன் டெல் மார் என்னும் ஆங்கில அறிஞர் ஒன்பது சிம்பனிகளுக்கும் புதிய ஆய்வுப் பதிப்பை 1990 களில் வெளிக்கொணர்ந்தார். நெடுங்காலமாக வாசிக்கப்பட்டுவந்த பிழைகள் சில அதனால் நீங்கின.

இத்தாலிய நெறியாளர் கிளவுடியோ அப்பாடோ 1980 களில் வியன்னா பில்ஹார்மோனிக் குழுவோடு இச்சிம்பனிகள் அனைத்தையும் பதிவுசெய்திருந்தார். புதிய பதிப்பு வந்தபின், பேர்லின் குழுவோடு அவற்றை மீண்டும் பதிவுசெய்து 2000 அளவில் வெளியிட்டார். பின்னைய பதிவிலே கலைஞர் தொகை குறைவு, நடை விரைவு, ஒலி தெளிவு. அவர் தம் பழைய கருத்தை மட்டுமன்றிப் பழைய பாடத்தையும் திருத்திக்கொண்டார்.

உ. வே. சாமிநாத ஐயரின் வாழ்க்கையை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. அவர் சீவகசிந்தாமணியை 1887 இற் பதிப்பித்தார். பின்னர் 1907 இல் இரண்டாம் பதிப்பும் 1922 இல் மூன்றாம் பதிப்பும் வெளிவந்தன. 1892 இல் வெளிவந்த சிலப்பதிகாரம் 1920 இல் மறுபதிப்புப் பெற்றது. இவை முன்னதை அப்படியே மீள அச்சிட்டவை அல்ல. புதிய ஏடுகளோடு ஒப்பிட்டும், பாடங்களைச் சீர்தூக்கியும், குறிப்புரைகளைப் பெருக்கியும் செய்யப்பட்டவை. முதற்பதிப்பில் முற்றாக விளங்காத இடங்களை விளங்காதவை என்றே விட்டுவைத்து, பல்லாண்டு தேடி, பின்னர்த் திருத்துவது அவர் நெறி. முதற்பதிப்பு வந்திராவிடிற் பின்னைய பதிப்பும் வந்திராது. அது குறையுடையதாயினும் வெளிவந்தமையாலேயே அறிஞர் பலர் கவனம் நூலின்பால் திரும்பியது.

கலைஞரின் மாற்றம்

நான்காவது காரணமே யாவற்றினும் ஆழமானது. கருவி மாறாதபோதும், பாடம் மாறாதபோதும், மனிதர் மாறிவிடுகின்றார். இதனை மிகத் தெளிவாகக் காட்டுபவர் நெறியாளர் அல்லர். கிளென் கூல்ட் என்னும் கனடா நாட்டுப் பியானோக் கலைஞர். 1955 இல், தம் 22 ஆம் வயதில், பாக் இயற்றிய கோல்ட்பேர்க் மாறுபாடுகள் என்னும் படைப்பை அவர் நியூயோர்க் நகரத்திற் பதிவுசெய்தார். ஒரு பண்ணும் அதன்மேல் அமைந்த முப்பது மாறுபாடுகளும் கொண்டது அப்படைப்பு. அவர் வாசிப்பின் வேகமும் துடிப்பும் உலகை வியக்கச்செய்தன. முழுவதும் ஏறத்தாழ 38 நிமிடங்களில் முடிந்தது.

26 ஆண்டுகள் கழித்து, 1981 இல், அதே நகரத்தில், அதே பதிவுக்கூடத்தில் அவர் அதனை மீண்டும் வாசித்தார். இம்முறை ஏறத்தாழ 51 நிமிடங்கள் சென்றன. முன்பு விட்டுவிட்ட மறுவாசிப்புகள் சிலவற்றை இப்போது சேர்த்துக்கொண்டமை இந்நீட்சிக்கு ஒரு காரணம். ஆனால் தொடக்கப் பண்ணைக் கேட்ட அளவிலேயே வேறுபாடு புலனாகும். முன்னையது வழியிற் செல்பவர் பாடுவது. பின்னையது ஓரிடத்தில் அமர்ந்து நினைவுகூர்பவர் பாடுவது. மாறுபாடுகள் முப்பதையும் ஒரே நாடித்துடிப்பு இணைக்கவேண்டும் என்பது அவர் பிற்காலக் கொள்கை. தம் இளமைப் பதிவைச் செய்தவரின் உள்ளத்தோடு தம்மால் ஒன்ற இயலவில்லை என்ற கருத்தையும் அவர் வெளியிட்டார். புதிய பதிவு 1982 செப்டெம்பரில் வெளிவந்தது. அடுத்த மாதமே, ஒக்டோபர் 4 ஆம் நாள், 50 வயதில் அவர் காலமானார்.

அமெரிக்க நெறியாளர் லெனார்ட் பேர்ன்ஸ்டைனும் இவ்வகையினர். சைக்கொவ்ஸ்கியின் ஆறாம் சிம்பனியின் இறுதிப்பகுதியை நெறியாளர் பெரும்பாலோர் 10 நிமிட அளவில் முடிப்பர். பேர்ன்ஸ்டைன் தம் முதுமையில், 1986 இற் செய்த பதிவில், அது ஏறத்தாழ 17 நிமிடங்களாக நீண்டது. சிலர் அதனை மிகை என்றனர்; சிலர் துயரத்தின் எல்லை என்றனர். மாலரின் சிம்பனிகள் அனைத்தையும் அவர் 1960 களிற் பதிவுசெய்து, 1980 களில் மீண்டும் பதிவுசெய்யத் தொடங்கினார். எட்டாம் சிம்பனி மட்டும் எஞ்சியிருந்தது. அதற்குள் 1990 ஒக்டோபரில் அவர் மறைந்தார். நிறுவனத்தார் 1975 இல் சால்ஸ்பேர்க் விழாவிலே பதியப்பட்ட பழைய இசையைக்கொண்டு அவ்விடத்தை நிரப்பினர். மறுபதிவுக்குக் காலம் காத்திருப்பதில்லை என்பதை அத்தொகுதி இன்றும் உணர்த்துகின்றது.

ஐயமும் தெளிவும்

இவ்வழக்கை ஐயுறுவோரும் உளர். ஒரே பொருளைப் புதிய உறையிலிட்டு மீண்டும் விற்கும் வணிக உபாயமே மறுபதிவு என்பர் அவர். அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. புகழ்பெற்றோர் பழையவற்றையே திரும்பத் திரும்பப் பதிவுசெய்ய, கேட்பாரற்ற நல்ல படைப்புகள் பல ஒருமுறையேனும் பதியப்படாமற் கிடப்பதும் உண்மையே.

ஆயினும் மறுபதிவுக்கு வணிகத்தினும் மேலான பயன் ஒன்று உண்டு. ஒரு படைப்புக்கு ஒரேயொரு பதிவு இருக்குமாயின், கேட்போர் அப்பதிவையே படைப்பு எனக் கொள்வர். அன்று நெறியாளர்க்கு இருந்த உடல்நிலை, அன்று அமைந்த கூடம், அன்று தட்டு இடந்தந்த நிமிடங்கள் ஆகிய தற்செயல்கள் யாவும் விதிகளாகிவிடும். இரண்டாம் பதிவு வந்ததும், எது படைப்புக்கு உரியது, எது அந்நாளுக்கு உரியது என்பது பிரிந்து தோன்றும். தனித்து நின்ற பதிவு சட்டம். இரண்டாவது வந்தபின் இரண்டும் சாட்சிகள். சாட்சிகளை ஒப்புநோக்கித் தீர்ப்புக் காண்பது கேட்பவர் பொறுப்பாகின்றது.

தென்னிந்திய இசைக்கு இது மேலும் பொருந்தும். அவ்விசையில் ஆலாபனையும் கற்பனைச் சுரமும் அவ்வப்போது பிறப்பவை. திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை திருவிழா இரவுகளில் நெடுநேரம் வாசித்த தோடி இராகத்தை இசைத்தட்டு சில நிமிடங்களுள் அடக்கிற்று. அத்தட்டு யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அவரை நேரிற் கேளாத பலருக்கு அவர் இசையைக் கொண்டுசேர்த்தது. அதன் நன்மை பெரிது. ஆனால் அச்சில நிமிடங்களே அவர் தோடி என எண்ணுதல் தவறு. அது தோடியின் ஒரு நாள். ஒரு நாளிற் சில நிமிடங்கள்.

வன்னிக்குரிய பாடம்

மேனாட்டு நெறியாளர்க்கு இரண்டாம், மூன்றாம் வாய்ப்புகள் வழங்கிய காலம், வன்னி நிலத்து அண்ணாவிமார்க்கு முதல் வாய்ப்பையே அரிதாக வழங்கியது. கோவலன் கூத்து முதலியன அண்ணாவியாரின் நினைவிலும், ஏடுகளிலும், கையெழுத்துக் கொப்பிகளிலும் வாழ்ந்தவை. பாட்டின் சொல் கொப்பியில் இருக்கும். மெட்டும் தாளக்கட்டும் கொப்பியில் இரா. அவை குரலோடு வந்து குரலோடு போவன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏடுகள் அழிந்தன. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தபோது, உயிரையே காக்க அரிதான வேளையில், கொப்பிகளையும் ஒலிநாடாக்களையும் சுமந்து செல்ல இயன்றவர் எத்தனை பேர்? பெட்டியோடு விட்டுச்சென்றவை பெட்டியோடு போயின.

இன்று ஒலிப்பதிவு எளிதாகிவிட்டது. நிக்கிஷ் காலத்தில் ஒரு பெரிய நிறுவனமே செய்யவேண்டியிருந்த செயலை, இன்று கல்லூரி மாணவர் ஒருவர் தம் கைத்தொலைபேசியாற் செய்துவிடலாம். ஆனால் எளிமையே ஒரு மயக்கத்தையும் தருகின்றது. ஒருமுறை பதிந்துவிட்டால் கலை காக்கப்பட்டுவிட்டது என்பதே அம்மயக்கம். மேலே கண்டவை அதனை மறுக்கின்றன.

ஆதலின் முதியோரிடமிருந்து கூத்துப்பாட்டோ, அருவிவெட்டுப் பாட்டோ, தாலாட்டோ பதிவுசெய்ய முற்படுவோர் சிலவற்றை மனங்கொள்ளல் வேண்டும். ஒருவரை ஒரே நாளிற் பதிந்து அமைதல் போதாது. சில திங்கள் கழித்தும், இயலுமாயிற் சில ஆண்டுகள் கழித்தும் அதே பாட்டை அவரே பாடப் பதிதல் வேண்டும். தனித்திருந்து பாடுவதையும் களரியில் மத்தளத்தோடு பாடுவதையும் வேறுவேறாகப் பதிதல் நன்று. இரண்டாம் முறை சொல்லோ மெட்டோ மாறினால், பிழை எனக் கருதி முன்னதை அழித்துவிடலாகாது. எது நினைவுத் தவறு, எது உரிமையோடு செய்த மாற்றம் என்பதைப் பின்வருவோர் ஒப்பிட்டு அறிவர். நாள், இடம், பாடியவர், உடன் பாடியவர், யாரிடம் கற்றார் என்பவற்றைப் பதிவின் தொடக்கத்திலே குரலாற் சொல்லிவைத்தல் வேண்டும். ஒரு படியை வீட்டிலும் மற்றொன்றை வேறூரிலும் வைத்தல் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வைத்தமையால் இழந்தவை போதும்.

இவற்றுள் முதலாவது பதிவே யாவற்றினும் அவசரமானது என்பதை மறத்தலாகாது. சாமிநாத ஐயர் நிறைவான ஏடு கிடைக்கும்வரை காத்திருந்தாரல்லர். 1887 இல் இயன்றதைச் செய்தார். 1907 இலும் 1922 இலும் திருத்தினார். குறையுள்ள முதற்பதிவு பின்னாளிற் திருத்தத்தக்கது. செய்யப்படாத பதிவைத் திருத்துவார் இல்லை.

கூல்ட் இரு முறை வாசித்தமையால் உலகம் அவரிடம் இரண்டு மனிதரைக் கேட்டது: இளைஞர் ஒருவர், முதிர்ந்தவர் ஒருவர். வன்னியிலே இன்று எழுபதும் எண்பதும் கடந்த அண்ணாவிமாரின் இளமைக் குரலை இனிக் கேட்பது பெரும்பாலும் இயலாது. முதிர்ந்த குரலாயினும் எஞ்சவேண்டும். அவர்களிடம் இன்று களரியிற் பயிலும் இளைஞரின் குரலும் இப்போதே பதியப்படுமாயின், முப்பது ஆண்டுகளின்பின் அவர் மீண்டும் பாடும்போது, ஒப்பிட்டுக் கேட்பதற்கு அடுத்த தலைமுறையிடம் இரண்டு பதிவுகள் இருக்கும்.